போர்ட்ஃபோலியோ தளத்தில் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வெப் டெவலப்பராக நீங்கள் செய்த வேலைகளைக் காட்டும் தளமான போர்ட்ஃபோலியோவை, வேலை கொடுப்பவர் ஒருவர் திறந்து பார்க்கும்போது நீங்கள் அருகில் இருப்பதில்லை. லிங்க் திறக்கவில்லை என்றால் அவர் போன் போட்டுச் சொல்லப்போவதும் இல்லை, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். கடைக்காரரின் தளம் படுத்தால் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் கூப்பிடுவார். போர்ட்ஃபோலியோ படுத்தால் மாதக்கணக்கில் யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் பழுதை நாமேதான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

தேடுவதை உங்கள் லேப்டாப்பில் தொடங்காதீர்கள். அங்கே கேஷ் (முன்பு பார்த்த பக்கத்தின் சேமித்த நகல்) இருக்கிறது, நீங்கள் நிறுவிய ஃபான்ட் இருக்கிறது, லாகின் குக்கீ இருக்கிறது. மூன்றும் சேர்ந்து பழுதை மறைத்துவிடும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ விண்டோவில், முடிந்தால் வேறொருவருடைய போனில் திறந்து பாருங்கள். கோளாறு கண்ணில் பட்ட பிறகு கணினிக்கு வந்து எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலையும், எந்தக் கோப்பு வந்தது என்று காட்டும் நெட்வொர்க் டேபையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பல கோளாறுகளுக்கு இந்த இரண்டு இடங்களிலேயே விடை கிடைக்கும்.

கணினியில் ஓடுகிறது, கிட்ஹப் பேஜஸில் வெள்ளைத் திரை

கிட்ஹப் பேஜஸ் என்பது கிட்ஹப்பில் உள்ள ஒரு ரெப்போவை (ப்ராஜெக்டின் கோப்புகள் இருக்கும் இடம்) தளமாக வெளியிடும் சேவை. நெட்வொர்க் டேபில் எச்டிஎம்எல் 200 (கிடைத்தது) என்று வந்து, அதன் கீழே ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் 404 (அங்கே இல்லை) என்று சிவப்பில் நின்றால் பாதை தவறு. உங்கள் யூசர்நேமோடு '.github.io' சேர்த்துப் பெயரிட்ட சிறப்பு ரெப்போ என்றால் தளம் முகவரியின் வேரிலேயே இருக்கும். வேறு எந்த ரெப்போவாக இருந்தாலும் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் ரெப்போவின் பெயரும் சேரும். சாய்கோட்டில் தொடங்கும் பாதைகள் எல்லாம் வேரில் போய்த் தேடும், அங்கே உங்கள் கோப்புகள் கிடையாது. வீட் (Vite) கருவியில் பில்ட் செய்பவர்கள், அதாவது வெளியிடவேண்டிய கோப்புகளை உருவாக்குபவர்கள், கான்ஃபிக் கோப்பில் 'பேஸ்' என்ற மதிப்பை ரெப்போவின் பெயராக, முன்னும் பின்னும் சாய்கோடு சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது.

நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஸ்டேட்டிக் எக்ஸ்போர்ட் (சர்வரில் நிரல் ஓடத் தேவையில்லாத கோப்புகள்) எடுத்து, ரெப்போவின் ஒரு கிளையிலிருந்து நேரடியாக வெளியிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கிட்ஹப் பேஜஸ் அந்தக் கோப்புகளை முதலில் ஜெக்கில் என்ற தளம் கட்டும் கருவிக்குக் கொடுக்கிறது. அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை ஜெக்கில் தவிர்த்துவிடும், நெக்ஸ்டின் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகள் அப்படிப்பட்ட ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. 'நோஜெக்கில்' என்ற பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து ஒரு காலிக் கோப்பை வேரில் போட்டால் போதும்.

சில படங்கள் மட்டும் காணவில்லை என்றால் பெயரில் உள்ள பெரிய, சிறிய எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. கேமராவிலிருந்து வந்த படத்தின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்க, கோடில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். பெயரை மாற்றிய பிறகும் கிட் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அதை மாற்றமாகவே எண்ணாமல் போகலாம். முதலில் முற்றிலும் வேறு பெயருக்கு மாற்றி ஒரு கமிட் (மாற்றத்தின் பதிவு), பிறகு சரியான பெயருக்கு மாற்றி இன்னொரு கமிட் போடுங்கள்.

முகப்பு திறக்கிறது, உள்பக்கத்தில் ரீஃப்ரெஷ் செய்தால் 404

ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய ஒற்றைப் பக்கச் செயலிகளில் உள்பக்கம் என்று ஒரு கோப்பே கிடையாது. முகப்பிலிருந்து கிளிக் செய்து போனால் பிரவுசரில் ஓடும் ரூட்டர் நிரல் காட்டிவிடும். நேராக அந்த முகவரிக்கு வந்தால் சர்வர் கோப்பைத் தேடி ஏமாறும். நீங்கள் எப்போதும் முகப்பிலிருந்தே போவதால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. ரெஸ்யூமில் ஒரு ப்ராஜெக்டின் தனி லிங்க்கைக் கொடுத்திருந்தால், அதை அழுத்துபவர் பார்ப்பது 404 மட்டும்தான்.

நெட்லிஃபை, வெர்சல் ஆகிய ஹோஸ்டிங் சேவைகளில் எல்லா முகவரிகளையும் முகப்புக் கோப்புக்கே அனுப்பச் சொல்லும் ஒரு வரி விதி போதும். கிட்ஹப் பேஜஸில் அந்த வசதி இல்லை. முகப்பு எச்டிஎம்எல்லை 404 என்ற பெயரில் நகலெடுத்து வைப்பது பலர் கையாளும் வழி, பார்ப்பவருக்குப் பக்கம் திறந்துவிடும். ஆனால் சர்வர் சொல்லும் எண் 404 ஆகவே இருப்பதால் கூகுள் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளாது. பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் உள்ள போர்ட்ஃபோலியோவுக்கு ஒற்றைப் பக்கச் செயலி தேவையில்லை என்பதே என் கருத்து. ஆஸ்ட்ரோ போன்ற கருவியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எச்டிஎம்எல் கோப்பாக பில்ட் செய்யுங்கள். இந்தச் சிக்கலும் பின்னால் வரப்போகும் இரண்டு மூன்று சிக்கல்களும் பிறக்கவே பிறக்காது.

'லைவ் டெமோ' லிங்க் ஒரு நிமிடம் சுற்றுகிறது, அல்லது திறக்கவே இல்லை

சொந்த ப்ராஜெக்டுகளில் இதுதான் அதிகம். இலவச ஹோஸ்டிங் இலவசமாகவே நீடிக்கும் என்று நம்பிக் கட்டியிருப்போம். ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28-ல் மூடியபோது கணக்கற்ற மாணவர் ப்ராஜெக்டுகள் ஒரே நாளில் இருண்டன. கிளிட்ச் 2025 ஜூலையில் ப்ராஜெக்டுகளை ஹோஸ்ட் செய்வதை நிறுத்தியது. இலவச டொமைன் கொடுத்துவந்த ஃப்ரீனாம் 2023-ல் புதிய பதிவுகளை நிறுத்தி, அடுத்த ஆண்டு அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இலவசச் சேவைகள் தூங்கும். ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் உறங்கிவிடும், அடுத்து வருபவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். சுபாபேஸ் என்ற டேட்டாபேஸ் சேவையில் ஒரு வாரம் அசைவில்லை என்றால் டேட்டாபேஸ் நிறுத்திவைக்கப்படும், நீங்கள் போய்க் கையால் எழுப்பும்வரை எழாது. வெளியே இருந்து பிங் அடித்து (அவ்வப்போது கோரிக்கை அனுப்பி) விழித்திருக்க வைக்கலாம் என்பார்கள். அது நோயைத் தள்ளிப்போடும் வேலை.

டெமோவுக்கு உண்மையான பின்தளம் (சர்வரும் டேட்டாபேஸும்) தேவையா என்று முதலில் கேளுங்கள். பில் போடும் செயலியைக் காட்ட இருபது மாதிரி பில்கள் கொண்ட ஒரு ஜேசன் (JSON) தரவுக் கோப்பு போதும். பிரவுசரிலேயே ஓடும் டெமோ தூங்காது, காலாவதி ஆகாது. பின்தள வேலையைத்தான் காட்டவேண்டும் என்றால் லிங்க்குக்கு மேலேயே முக்கால் நிமிட ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஒன்றை வைத்துவிடுங்கள். சர்வர் எழும் நேரத்தில் அவர் அதைப் பார்த்து முடித்திருப்பார்.

கிளையன்ட் தளத்தின் லிங்க்கை அழுத்தினால் வேறு எதுவோ வருகிறது

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். கிளையன்ட் தளம் உங்களுடையது அல்ல. பணம் கொடுத்து வாங்கியவர் நிறத்தை மாற்றுவார், வேறொருவரை வைத்து முழுவதையும் இடித்துக் கட்டுவார், தொழிலை மூடிவிட்டு டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவார். காலாவதியான டொமைனை வேறு யாராவது வாங்கி, பழைய பெயரின் மதிப்பை வைத்துச் சூதாட்டப் பக்கம் நடத்துவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் போர்ட்ஃபோலியோவில் 'மகளிர் அழகு நிலையத்துக்கு நான் செய்த தளம்' என்ற வரியை அழுத்துபவர் ஆன்லைன் ரம்மியில் போய் இறங்குவார்.

லிங்க்குகளைச் சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. லைச்சி என்பது நன்றாக வேலை செய்யும், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வைக்கலாம். இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். பொது ரெப்போவில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லை என்றால் கிட்ஹப் அந்த நேர அட்டவணையைத் தானே நிறுத்திவிடும். எல்லாம் நலம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, சோதனையே ஓடியிருக்காது. இரண்டாவது, சூதாட்டப் பக்கமும் 200 என்றுதான் பதில் தரும். கருவிக்கு அது நல்ல லிங்க். ஆகவே பக்கத்தில் கடையின் பெயரோ, நிச்சயம் இருக்கவேண்டிய ஒரு சொல்லோ இருக்கிறதா என்று பார்க்கும் நான்கு வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் மாதத்துக்கு ஒரு முறை கையால் அழுத்திப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, தளத்தை ஒப்படைக்கும் நாளிலேயே உங்கள் சாட்சியத்தை எடுத்துக்கொள்வது. மொபைல் அகலத்திலும் டெஸ்க்டாப் அகலத்திலும் முழுப்பக்க ஸ்க்ரீன்ஷாட். முக்கியமான ஒரு வேலையை, உதாரணமாக ஆர்டர் போடுவதை, தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் வீடியோ. பக்கத்தின் வேகம் முதலியவற்றை அளக்கும் லைட்ஹவுஸ் கருவியின் அன்றைய அறிக்கை. இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைக் காக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கங்களைச் சேமிக்கச் சொல்லி ஒரு கோரிக்கை. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலைதான். போர்ட்ஃபோலியோ பக்கத்தில் இவற்றை முதன்மையாக வைத்து, தளத்தின் லிங்க்கைக் கீழே சிறிதாக, எந்த மாதம் எந்த ஆண்டு வெளியான வடிவம் என்ற குறிப்போடு கொடுங்கள். அதன் பிறகு கிளையன்ட் தளத்தை எப்படி மாற்றினாலும் உங்கள் வேலை அழியாது.

இதற்கு அனுமதி வேண்டும், அதை வேலை முடிந்தபின் கேட்பதைவிடத் தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. 'தளம் வெளியான பிறகு, பொதுவில் தெரியும் பக்கங்களின் படங்களையும் பணியின் சுருக்கமான விவரத்தையும் டெவலப்பர் தம் பணிமாதிரியாகக் காட்டலாம்' என்ற ஒரு வரி போதும், பெரும்பாலோர் மறுப்பதில்லை. மறுத்தால் பெயரைச் சொல்லாமல் துறையை மட்டும் சொல்லி எழுதலாமா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் கீழ் துணை ஒப்பந்த வேலையாகச் செய்தது என்றால், கிளையன்ட்டிடம் நேராகப் போகாமல் அந்த நிறுவனத்திடம் கேட்பதே முறை.

அட்மின் பக்கங்களின் ஸ்க்ரீன்ஷாட் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளினிக் ஒன்றின் அப்பாயின்ட்மென்ட் பட்டியல், கடையின் ஆர்டர் பட்டியல், இவற்றில் இருப்பவை உண்மையான மனிதர்களின் பெயர்களும் போன் எண்களும். பிளர் செய்வது போதாது, லேசாகப் பிளர் செய்த எண்களை மீட்டெடுக்க முடிகிறது. உள்ளூர்க் கணினியில் மாதிரித் தரவை நிரப்பி, அதைப் படம் எடுங்கள்.

தமிழ் தவறாகத் தெரிகிறது

தமிழ்க் கிளையன்ட்டுகளின் வேலையைக் காட்டுபவர்களுக்கு இது தனி உலகம். 'தமிழ் வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், திரையில் சரியாக என்ன தெரிகிறது என்று பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மூன்று மூன்றாக ஐரோப்பியக் குறிகள் வந்தால், தரவு நலமாக இருக்கிறது, படிப்பவர் தவறாகப் படிக்கிறார். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள், அவற்றைப் பிரவுசர் தனித்தனியாகப் படித்துவிட்டது. எழுத்துக் குறியாக்கத்தைச் (charset) சொல்லும் மெட்டா வரி, எச்டிஎம்எல்லின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்கவேண்டும். அனலிட்டிக்ஸ் கோடை மேலே ஒட்டி அந்த வரியைக் கீழே தள்ளிவிடுபவர்கள் உண்டு.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை மோசம். டேட்டாபேஸ் தனக்குப் புரியாத எழுத்தைத் தூக்கியெறிந்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியைச் சேமித்திருக்கிறது. திரும்பக் கிடைக்காது. அட்டவணையையும் கனெக்‌ஷனையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு உள்ளடக்கத்தை மீண்டும் ஏற்றுவதுதான் வழி.

காலிக் கட்டங்கள் என்றால் அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை வெப்ஃபான்டாகச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கணினியில் அழகான தமிழ், மற்றவர் போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். இது யூனிகோடே அல்ல. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த உரையைக் கிளையன்ட் கொடுத்திருக்கிறார். அந்த ஃபான்ட் உங்களிடம் நிறுவியிருப்பதால் உங்களுக்கு மட்டும் தெரிகிறது. அச்சகம், பள்ளி, அரசு அலுவலகம் இவற்றிலிருந்து வரும் கோப்புகளில் இன்றும் இது சாதாரணம். எந்த ஃபான்ட் என்று கேட்டறிந்து, அதற்கான மாற்றி கொண்டு யூனிகோடாக்குங்கள். மாற்றியபின் ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள். கொம்பும் துணைக்காலும் இடம் மாறுவது, ஊடே வந்த ஆங்கிலப் பெயரும் தமிழாக மாறிவிடுவது, இரண்டும் நடக்கும்.

எழுத்துகள் வருகின்றன, ஆனால் அனிமேஷன் ஓடும்போது 'கி' என்பது முதலில் 'க' ஆகத் தோன்றி, பின்னர் புள்ளிவட்டத்தோடு கொக்கி தனியே வருகிறது என்றால் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டியிருக்கிறது. தட்டச்சு செய்வதுபோல் பெயர் தோன்றும் அந்த முகப்பு விளைவு ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற பிரவுசர் வசதியைக் கொண்டு, கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) அலகில் வெட்டுங்கள். 'கி', 'கோ', 'க்' எல்லாம் முழு எழுத்தாக வரும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் மட்டும் 'க்', 'ஷ' என்பதுபோல் இரண்டாகப் பிரியும், அவற்றை நீங்களே ஒட்டவேண்டும். தமிழ்ப் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டாமல் முழுச் சொல்லாகத் தோன்றவிடுவதே எனக்குப் பிடித்தது.

தலைப்புகளில் 'கூ', 'ஸ்ரீ' போன்றவற்றின் அடியோ தலையோ வெட்டுப்பட்டால், ஆங்கில டிசைனிலிருந்து வந்த வரி உயரம் 1 என்பதை 1.4-க்கு மேல் ஏற்றுங்கள்.

தளம் மெதுவாகத் திறக்கிறது

பத்தில் ஒன்பது முறை ஸ்க்ரீன்ஷாட்டுகள்தான் காரணம். ரெட்டினா திரையில் எடுத்த முழுப்பக்க பிஎன்ஜி பல எம்பி இருக்கும். திரையில் காட்டும் அகலத்தைப்போல் இரு மடங்குக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள், அகல உயர மதிப்புகளை எச்டிஎம்எல்லில் எழுதிவிடுங்கள். அப்போதுதான் படம் வரும்போது பக்கம் குதிக்காது. கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (அருகில் வரும்போது மட்டும் ஏற்றுவது) நல்லது. முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்கு அதைப் போட்டால் கெடுதல், ஏனென்றால் கூகுள் அளக்கும் எல்சிபி (முதல் திரையின் மிகப் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான் குறிக்கும். 2.5 விநாடிக்குள் அது வந்துவிட்டால் நன்று.

சொந்த டொமைன் போட்டேன்: அடிக்கடி மறைகிறது, அல்லது 'பாதுகாப்பற்றது' என்கிறது

ஒவ்வொரு டெப்ளாய்க்குப் பிறகும் டொமைன் அமைப்பு காணாமல் போனால், தனிக் கிளையில் வெளியிடும் கருவி, டொமைன் பெயரைக் கொண்ட சிநேம் (CNAME) கோப்பை அழித்துவிடுகிறது. அந்தக் கோப்பைப் 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் வையுங்கள், பில்ட்டோடு அதுவும் போகும்.

எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கும் பெட்டி மங்கலாகவே இருந்தால், டொமைனைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளைப் பாருங்கள். கிட்ஹப் பேஜஸுக்கு 185.199.108.153-ல் தொடங்கி 109, 110, 111 என நான்கு ஏ ரெக்கார்டுகள் வேண்டும். டொமைன் வாங்கியபோதே இருந்த பார்க்கிங் பக்கத்தின் பழைய ரெக்கார்டு ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருந்தால், சிலருக்குத் தளமும் சிலருக்கு விளம்பரப் பக்கமும் வரும். அதை நீக்கிவிட்டு ஒரு நாள் வரை பொறுத்திருங்கள்.

தொடர்புப் படிவம் 'நன்றி' என்கிறது, மெயில் வருவதில்லை

ஸ்டேட்டிக் ஹோஸ்டிங்கால் படிவத்தைத் தானே கையாள முடியாது, நடுவில் ஒரு சேவை வேண்டும். நெட்லிஃபை ஃபார்ம்ஸ் பயன்படுத்தினால், பில்ட் நேரத்திலேயே எச்டிஎம்எல்லில் படிவம் இருக்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பின்னர் வரைந்த படிவம் அதன் கண்ணுக்குத் தெரியாது. சொந்த ஸ்கிரிப்ட் என்றால் அனுப்புநர் முகவரியில் வந்தவரின் ஜிமெயிலைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரியை உங்கள் சர்வர் பயன்படுத்துவதை ஆள்மாறாட்டமாகவே மெயில் சேவைகள் எடுத்துக்கொள்ளும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரி இருக்கட்டும், வந்தவரின் முகவரியைப் பதில் முகவரியில் வையுங்கள். மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளையும் சரிபாருங்கள். எதுவானாலும் படிவத்தின் அருகில் மெயில் முகவரியை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமில்லாத வெறும் லிங்க்

முன்னோட்டப் படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுமையாக இருக்கவேண்டும், பாதி முகவரி செல்லாது. வாட்ஸ்அப்பும் லிங்க்ட்இன்னும் உங்கள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை, எனவே தலைப்பையும் படத்தையும் சொல்லும் மெட்டா வரிகள் சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே இருக்கவேண்டும். திருத்திய பிறகும் லிங்க்ட்இன்னில் பழைய படம் வந்தால் அவர்களுடைய போஸ்ட் இன்ஸ்பெக்டரில் முகவரியை ஒருமுறை கொடுங்கள்.

கோடில் ரகசியச் சாவி வெளியே தெரிகிறது

பேமென்ட் சாவியோ டேட்டாபேஸ் கடவுச்சொல்லோ பொது ரெப்போவில் ஏறிவிட்டது என்றால், அந்தக் கோப்பை அழித்து இன்னொரு கமிட் போடுவதால் பயனில்லை. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை, அந்தச் சேவையில் போய்ச் சாவியை ரத்து செய்து புதியதை எடுப்பது. கிளையன்ட்டின் சாவி என்றால் அவருக்கு அன்றே சொல்லவேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதன் பிறகு. வீட் கருவியிலும் நெக்ஸ்டிலும் பெயருக்கு முன் பொதுவெளி முன்னொட்டு (VITE_, NEXT_PUBLIC_) சேர்த்த மாறிகள் எல்லாம் பிரவுசருக்குப் போகும் கோப்பிலேயே அச்சாகிவிடும் என்பதையும் பாருங்கள். அமைப்பு மதிப்புகளை வைக்கும் என்வி (.env) கோப்பில் இருக்கிறது என்பதற்காக அது ரகசியமாகிவிடாது.

எல்லாம் ஓடுகிறது, 'இதில் நீங்கள் செய்தது எது?' என்று கேட்கிறார்கள்

கிட்ஹப்பில் உங்கள் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் காலியாக இருந்தால், கமிட்டில் உள்ள மெயில் முகவரி கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சேர்த்தவுடன் பழைய கமிட்டுகளும் கணக்கில் வரும். கிளையன்ட் வேலை பிறருக்குத் தெரியாத பிரைவேட் ரெப்போவில் இருந்தால் தனிப்பட்ட பங்களிப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள், எண்ணிக்கை மட்டும் தெரியும், கோடு தெரியாது.

ஆனால் அந்தக் கேள்விக்குக் கட்டங்கள் பதிலாகாது. 'ரியாக்ட், நோட், மாங்கோ கொண்டு செய்த இ-காமர்ஸ் தளம்' என்ற வரி நூறு போர்ட்ஃபோலியோக்களில் இருக்கிறது. அதன் இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'மளிகைக் கடைக்கான ஆர்டர் பக்கம். டிசைன் வேறொருவர் செய்தது. விலைப்பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து ஏற்றும் பகுதியும் கார்ட்டும் என் வேலை. ஒரே பொருள் கிலோவிலும் பாக்கெட்டிலும் விற்பதால் அளவைக் கணக்கிடுவதுதான் கடினமாக இருந்தது, அதை எப்படித் தீர்த்தேன் என்பது கீழே உள்ள கோடில்.' படிப்பவருக்கு உடனே அடுத்த கேள்வி எழும், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதிலும் இருக்கும்.